கண்ணில் விழுந்த கல் தூசு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் செஞ்சி பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. ஆனால் அந்த ஒன்றரை வருஷம் என்னிடம் இருந்தது கோபம் இல்லை, பயம். பயத்தைப் பயமாகக் காட்டினால் ஏன் என்று கேட்பார்கள். கோபமாகக் காட்டினால் ஒருத்தரும் பக்கத்தில் வரமாட்டார்கள். அதனால் பால்காரர் முதல் போஸ்ட்மேன் வரைக்கும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் போட்டோ ஸ்டூடியோ. படம் எடுப்பது அவர் வேலை. எடுத்ததைக் கழுவிச் சரிசெய்வது என் வேலை. டச்சிங் என்பார்கள். அம்மைத் தழும்பைக் குறைப்பது, கண்ணுக்குக் கீழே கறுப்பைத் தணிப்பது, பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் கன்னத்தைக் கொஞ்சம் உப்பவைப்பது. கல்யாணமாகி வந்த புதிதில் பொழுது போகாமல் பென்சிலைத் தொட்டவள், மூன்றே வருஷத்தில் திண்டிவனத்து ஸ்டூடியோக்காரர்களே பிளேட் அனுப்பித் திருத்தி வாங்கிப்போகிற அளவுக்கு ஆகிவிட்டேன். அந்தத் தலைக்கனமும் எனக்கு உண்டு. மறைப்பானேன்?

அந்தக் காலத்தில் நாங்கள் இன்னும் கண்ணாடி பிளேட்டில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். பிளேட்டில் எல்லாமே தலைகீழ். கறுப்புத் தலைமுடி அதில் வெறும் கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கும். வெள்ளை வேட்டி கரியாக இருக்கும். மல்லிகைப்பூ மிளகு மாதிரி தெரியும். தாளில் அச்சுப்போட்டால்தான் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் திரும்பும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை நான் சொல்லுவேன். அப்படிப்பட்டவள்தான் இதையே மறந்தேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம். வல்லம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பட்டாளத்துப் பிள்ளை வந்தான். லீவு முடிந்து அன்றைக்கே ரயிலேற வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் தாஜ்மகால் வரைந்த திரை ஒன்று உண்டு. வெளியே நிஜமான கோட்டை மலைமேல் நிற்கும், எங்கள் ஊர் ஜனங்கள் உள்ளே வந்து தாஜ்மகாலுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"இத எடுத்துடுங்க சார். அதுக்குப் பக்கத்துலதான் எங்க கேம்ப்பு. பாத்துப் பாத்து சலிச்சிப்போச்சி. நம்மூரு கோட்ட இருந்தா போடுங்க."

"கோட்ட திரை யாருப்பா வாங்குவா? அதான் வாசல்லயே நிக்குதே" என்றார் இவர்.

வெறும் சாம்பல் துணியைத் தொங்கவிட்டு ஒரே ஒரு பிளேட் எடுத்தார். அவன் அந்தச் சிரிப்பு முழுக்கப் போகாமலே உட்கார்ந்திருந்தான். ரசீதை வாங்கி மடித்து, அடுத்த லீவில் வந்து படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பிளேட்டைக் கழுவியவள் நான். கழுவின பிளேட்டின் மேல் பூச்சு, காயும்வரை கஞ்சியில் படிந்த ஆடை மாதிரி கொழகொழவென்று இருக்கும். அதை இருட்டறைக்குள்ளேயே, கதவைச் சாத்தி, மெதுவாகக் காயவிட வேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ வேறு அவசரம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சீக்கிரம் காயட்டும் என்று பின்பக்க ஜன்னலைத் திறந்து அதனடியில் பிளேட்டை நிறுத்திவிட்டு முன்பக்கம் போனேன். கடைக்குப் பின்னால் ரோடு போடக் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

திரும்பி வந்து பிளேட்டைத் தூக்கிப் பார்த்தேன். பிளேட் முழுக்க ஒன்றுமில்லை. முகத்தில் மட்டும், அதிலும் வலது கண்ணைச் சுற்றி, பொடிப்பொடியாகக் கல் தூசு. வெறும் கண்ணுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை மறித்து ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். கருவிழி மேல் நாலைந்து வெள்ளைப் புள்ளி விழுந்தால் எப்படி இருக்கும்? கண்ணில் பூ விழுந்தவன் மாதிரிதான் இருக்கும்.

தண்ணீரில் ஊறவைத்தேன். பஞ்சால் தொட்டேன். பூச்சே பஞ்சோடு வரப் பார்த்தது, பயந்து விட்டுவிட்டேன். காய்ந்த பிறகு துகள்கள் பூச்சுக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இவரிடம் சொல்லவில்லை. அடுத்த லீவில் வருவான், உட்காரவைத்து இன்னொன்று எடுத்துவிடலாம் என்று பிளேட்டைப் பெட்டியின் அடியில் செருகி வைத்தேன்.

அடுத்த லீவு வரவில்லை. வடக்கே சண்டை வந்தது. ஐப்பசி மழையில் அவன் அம்மா வந்தாள். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த ரசீதை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"எம்புள்ள இங்க படம் புடிச்சிக்கினானாம். லெட்டர்ல எழுதியிருந்தான். அவன் போயிட்டான்மா. படம் வேற ஒண்ணுமே எங்கிட்ட இல்ல. இத குடுத்துடு."

ஒரு வாரம் தவணை சொல்லி அனுப்பினேன். படத்தை அச்சுப்போட்டு, கண்ணில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளின் மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால் மையை வைத்து அடைத்தேன். கருவிழியை உருண்டையாக்கினேன். விளக்கு பட்டு மின்னுகிற ஒரு சின்ன வெள்ளைப் பொட்டையும் நானாக ஒரு இடம் பார்த்து வைத்தேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு அழகான கண்ணை நான் வரைந்ததில்லை.

அந்த அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூக்கு அவன் மூக்கு. மீச அவன் மீச. கண்ணு யாருது?"

எனக்குச் சுரீர் என்றது. பிளேட் கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் கெட்டிருந்தது, அதனால் கண்ணைத் தொட வேண்டியதாயிற்று என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். இன்னொரு தடவை வரைந்தேன். அதையும் பார்த்துவிட்டு மேஜைமேல் திருப்பி வைத்தாள். சண்டை போடவில்லை. அதற்கப்புறம் சந்தை நாள்தோறும் வருவாள். கடலைக்காய் விற்றுவிட்டு வந்து, வாசல் ஸ்டூலில் கால் மணி நேரம் உட்காருவாள். "கண்ணு கெடச்சுதாம்மா?" என்று கேட்பாள். இல்லை என்றால் எழுந்து போய்விடுவாள். திட்டிவிட்டுப் போனால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சந்தைக்கு முதல் நாளே எனக்குச் சோறு இறங்காது.

கடைசியில் இவரிடம் சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? இவர் ஜன்னலைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார், "அவசரப்பட்டுட்டியே" என்று மட்டும் சொன்னார். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அறுபத்தேழு பொங்கலுக்கு என் கொழுந்தன் மெட்ராஸிலிருந்து வந்தான். ஒரு காலேஜ் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தான். சாப்பிடும்போது தன் புரொபசர் கட்டியிருக்கும் ஒரு விளக்கைப் பற்றி அளக்க ஆரம்பித்தான். அதற்கு லேசர் என்று பேராம். விளக்கு என்றால் எரிந்துகொண்டே இருப்பதில்லை. சுண்டுவிரல் கனத்தில் ஒரு கெம்புக் கல் கம்பி. அதைச் சுற்றி ஒரு குழாய் விளக்கு. மின்சாரத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரே அடியாக விட்டால், டப் என்று கண்ணிமைப்பதற்குள் ஒரு சிவப்பு வெளிச்சம் பாயும். அடுத்த வெளிச்சத்துக்கு மறுபடியும் சேர்க்க வேண்டும்.

"அத்தன கெம்பு இருந்தா எனக்கு ஒரு அட்டிகை பண்ணியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"கேளுங்க அண்ணி. ஒரு காகிதத்துல டைப் அடிச்ச எழுத்து. அது மேல ஒரு டப். எழுத்து காணாமப் போச்சு, காகிதம் கருகல. ஏன் சொல்லுங்க? கறுப்பு வெளிச்சத்தக் குடிச்சிடும். வெள்ளை குடிக்காது. கறுப்பு மட்டும் திடீர்னு சூடாகித் துள்ளிக்கினு ஓடிடும். கண்ணாடி மேல ஒட்டின தூசுகூட அப்படித்தான். வெளிச்சம் கண்ணாடிக்குள்ள பூந்து போயிடும். தூசு மட்டும் எகிறிடும்."

சோற்றைப் பிசைந்த கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. இவரைப் பார்த்தேன். இவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் கெட்டிக்காரன், சும்மா நம்பிவிடவில்லை. முதலில் ஒரு வேண்டாத பிளேட்டைக் கொடுங்கள், சோதித்துப் பார்க்கிறேன் என்றான். பழைய பெட்டியில் தேடி, தூசு விழுந்து கெட்டுப்போன ஒரு மாப்பிள்ளை பிளேட்டைக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அது தபாலில் திரும்பி வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தூசு இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டாளத்துப் பிள்ளையின் பிளேட்டைப் பஞ்சில் பொதிந்து, டப்பாவில் வைத்து, நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பினேன். அந்த வாரச் சந்தையில் அந்த அம்மாவிடம், "கண்ணு வந்துடும் போலிருக்குது" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சொரசொரவென்று இருந்தது.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொழுந்தன் கடிதம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் புரொபசர் நேரம் ஒதுக்கியிருக்கிறார், கண்ணைச் சுற்றியுள்ள கறுப்புப் புள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுட்டு எடுத்துவிடுவோம், கவலையே வேண்டாம் என்று எழுதியிருந்தான். இவர் தொண்டூருக்கு ஒரு கல்யாணப் படமெடுக்கப் போயிருந்தார். நான் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நிம்மதியாக டச்சிங் பலகையில் உட்கார்ந்தேன். பலகையில் ஒரு கல்யாணப் பெண்ணின் பிளேட் இருந்தது. தலை நிறையப் பூ. பிளேட்டில் அந்தப் பூவெல்லாம் கறுகறுவென்று இருந்தது.

பென்சிலை அதன் மேல் வைத்தவள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். கறுப்பு வெளிச்சத்தைக் குடிக்கும். அந்த மாப்பிள்ளை பிளேட்டில் தூசு எங்கே விழுந்திருந்தது? மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில். கறுப்புக் கோட்டு பிளேட்டில் வெறும் கண்ணாடி. வெளிச்சம் அதில் நுழைந்து போய்விட்டது, தூசு மட்டும் எகிறியது. சரி. ஆனால் கண்ணில் கருவிழி மட்டுமா இருக்கிறது? அதைச் சுற்றி வெள்ளை விழி இல்லையா? வெள்ளை விழி பிளேட்டில் கரி. தூசும் கறுப்பு, விழியும் கறுப்பு. கெம்பு வெளிச்சத்துக்கு எது தூசு, எது அந்தப் பிள்ளையின் கண் என்று எப்படித் தெரியும்? இரண்டையும் சேர்த்துத்தான் சுடும்.

அட பாவி, இத்தனை வருஷமாக இதே பிளேட்டோடு மாரடித்தவள், இந்த ஒரு விஷயத்தை அவனுக்குச் சொல்லாமல் விட்டேனே! அவனோ வெளிச்சம் படித்தவன், பிளேட் பழகாதவன். நானோ பிளேட் பழகியவள், வெளிச்சம் தெரியாதவள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பிக்கொண்டு, அந்தக் கண்ணைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்திருக்கிறோம். இதை நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

தபால் ஆபீசுக்கு ஓடினேன். தந்தி கொடுக்க வேண்டும் என்றேன். ஆய்வகத்தின் விலாசம் எனக்குத் தெரியாது, அவன் தங்கியிருந்த அறையின் விலாசம்தான் தெரியும். பிளேட்டைச் சுடாதே, நான் வருகிறேன் என்று சொல்லச்சொல்ல, போஸ்ட்மாஸ்டர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, உயிர் போற அவசரமா?"

"ஆமா சார்."

"யாருக்கு?"

சீக்கிரம் தட்டுங்கள் என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

தந்தி அறைக்குப் போகும், அவன் ஆய்வகத்தில் இருப்பான். இது தபால் ஆபீஸ் படி இறங்கும்போதுதான் உறைத்தது. பக்கத்து சைக்கிள் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்து, இவர் வந்தால் நான் மெட்ராஸ் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் திறந்த வாய் மூடவில்லை. அதுவரை நான் தனியாகத் திண்டிவனம்கூடத் தாண்டியதில்லை.

திண்டிவனத்தில் இறங்கி மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்தவரின் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவர் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். தூங்குகிறவர் கையைத் திருப்பி மணி பார்த்த முதல் பொம்பளை நான்தான். மதுராந்தகத்தில் டிரைவர் டீ குடிக்கப் போனார். ஒரு டீயை அவ்வளவு நேரம் குடிக்க முடியுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கிப் போய், "அண்ணே, ஒரு புள்ளையோட கண்ணு போவப் போவுது, எடுங்கண்ணே" என்றேன். பாவம் மனுஷன், கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். நான் அழுதேன். ஒரு அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள், நான் அதைத் தடுக்கவில்லை.

காலேஜ் பேரை மட்டும் சொல்லி வழி கேட்டுக் கேட்டு, அதன் வாசலில் இறங்கும்போது மணி மூன்றரை. வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு முடிப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். ஆய்வகம் மாடியில் என்று ஒரு பையன் கை காட்டினான். படியேறும்போதே டப் என்று ஒரு சத்தம் கேட்டது. வெறும் பட்டாசுச் சத்தம்தான். கைப்பிடியைப் பிடித்து ஏறிக் கதவைத் தள்ளினேன்.

கொழுந்தன் ஒரு மேஜையருகே நின்றிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. பக்கத்தில் வயதான புரொபசர். ஒரு பெட்டியின் முள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வெளிச்சத்துக்கு மின்சாரம் சேர்கிறது என்று எனக்கே புரிந்தது.

"நிறுத்துங்க! தம்பி, நிறுத்துடா!"

அவனை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. புரொபசர் ஒரு பொத்தானை அமுக்கினார். முள் கீழே இறங்கியது.

"ரெண்டு சுட்டோம் அண்ணி" என்றான் அவன். "மொதலாவது நல்லாப் போச்சு. ரெண்டாவதுல தூசு போச்சு. ஆனா அதோட ஒரு ஓட்ட விழுந்துட்டுது. ஏன்னு புரியல. சார் பலத்தக் குறைச்சிப் பாக்கலாம்னாரு."

பிளேட் நுண்ணோக்கிக்குக் கீழே இருந்தது. குனிந்து பார்த்தேன். கடவுளே, ஒரு கண் இவ்வளவு பெரிதாகத் தெரிந்து நான் பார்த்ததில்லை. கரியாக இருந்த வெள்ளை விழியில் ஊசியால் குத்தியது மாதிரி ஒரு வெறும் பொட்டு. வெளிச்சம் அதன் வழியாகக் கண்ணைக் கூசவைத்தது. படத்தில் அது கறுப்புப் புள்ளியாக விழும்.

மூச்சை இழுத்துப்பிடித்துக்கொண்டு புரொபசரிடம் சொன்னேன், பிளேட்டில் எல்லாம் தலைகீழ் சார், கறுப்பாக இருக்கிற இடத்தில் நீங்கள் சுடவே கூடாது என்று. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்களுக்குத் தோணவே இல்லையேம்மா" என்றார். சுடாவிட்டால் அங்கே கிடக்கிற தூசு என்ன ஆகும் என்றும் கேட்டார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வெள்ளை விழியின் மேல் விழுந்த தூசு படத்தில் வெள்ளையாகத்தான் வரும். வெள்ளைமேல் வெள்ளை, யாருக்குத் தெரியப்போகிறது? அதைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. அந்த இரண்டாவது வெடி வீண் வெடி. தலையில் அடித்துக்கொண்டேன்.

"இப்ப எதச் சுட இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"கருவிழி நடுவுல, கொஞ்சம் மேல. அந்தக் கறுப்புப் புள்ளி" என்றான் கொழுந்தன்.

மறுபடி குனிந்தேன். கருவிழி தெளிந்த கண்ணாடியாக இருந்தது. அதில் மூன்று துகள்கள், கல் உடைந்த மாதிரி கோணல்மாணலாக. அவன் சொன்ன நாலாவது புள்ளி மட்டும் அப்படியில்லை. ஓரம் மெத்தென்று, பூச்சோடு பூச்சாகக் கரைந்திருந்தது. அது தூசே இல்லை. எங்கள் ஸ்டூடியோ விளக்கு அவன் கண்ணில் பட்டு மின்னியது. இத்தனை நாளும் தூசோடு தூசாக நினைத்து நான் மையை வைத்து அடைத்ததும் அதைத்தான். அதை அடைத்துவிட்டு, வேறு இடத்தில் நானாக ஒரு பொட்டு வைத்து, இதுதான் உன் பிள்ளையின் கண் என்று அந்தத் தாயிடம் நீட்டியிருக்கிறேன்.

"அது தூசு இல்ல தம்பி. அது அவன் பார்வை" என்றேன்.

அவன் அந்த இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

மீதி மூன்றையும் நான் சொல்லச்சொல்லச் சுட்டார்கள். நான் நுண்ணோக்கியில் இடத்தைப் பார்த்துச் சொல்லி விலகுவேன், கண்ணை மூடிக்கொள்வேன், டப் என்னும். மறுபடி பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மின்சாரம் சேரவும் கெம்புக் கல் ஆறவும் ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் ஒவ்வொன்றும் பிரசவ வலிதான். கடைசித் துகள் கருவிழியின் விளிம்பில், கரியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். பிறகு அந்த அம்மா மேஜைமேல் படத்தைத் திருப்பி வைத்த விதம் ஞாபகம் வந்தது. சுடுங்கள் என்றேன். புரொபசர் பிளேட்டை ஒரு மயிரளவு நகர்த்தினார், திரும்பவும் நகர்த்தினார். டப். எனக்குக் குனியத் தைரியம் வரவில்லை. கொழுந்தன்தான் பார்த்தான்.

"போயிடுச்சு அண்ணி. ஓரம் பத்திரமா இருக்குது."

ஊருக்குத் திரும்பி, படத்தை முழுத்தாளில் அச்சுப்போட்டேன். மருந்துத் தண்ணீருக்குள் முகம் மெல்ல எழும்பி வந்தது. அந்தப் பிள்ளை, தாஜ்மகாலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் முழுக்கப் போகாமல், நேராக என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "ஆமா, இப்படித்தான் உக்காந்திருந்தான்" என்றார்.

வெள்ளை விழியில் அந்தக் கறுப்புப் புள்ளி இருந்தது. பிளேட்டில் ஒரு துளி சாயம் வைத்தால் அது மறைந்துவிடும். எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை. தூரிகையைக் கையில் எடுத்து, நனைத்து, திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

சந்தை நாளன்று அந்த அம்மா வந்து ஸ்டூலில் உட்காருவதற்குள் படத்தைக் கொடுத்துவிட்டேன். தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு பஸ் வந்து போயின. எனக்குத் தாங்கவில்லை. கம்பெனி மேல் பழி போட்டது பொய், ஜன்னலைத் திறந்து வைத்தவள் நான், தூசு விழுந்தது என்னால்தான், கண்ணில் அந்தப் புள்ளியும் எங்கள் தப்புதான் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். வேண்டுமானால் புள்ளியை மறைத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"தொடாத" என்றாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ வரைஞ்ச கண்ணுல ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா அவன் இல்ல. இதுல குத்தம் இருக்குது. அவன் இருக்கான்."

அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வல்லம் வழியாகப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. படத்தைக் காகிதத்தில் சுற்றித் தருகிறேன், தூசு படாமல் கொண்டுபோகலாம் என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. படத்தின் முகம் வெளியே பார்க்கும்படி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தாத. ரொம்ப நாள் கழிச்சி வூட்டுக்கு வர்றான். வழியப் பாத்துக்கினே வரட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.